நல்லாட்சியும் நல்லாளுகையும்: ஆப்பிரிக்காவை முன்வைத்துப் பிறந்த ஒரு கலைச்சொல்

'குட் கவர்னன்ஸ்' என்னும் ஆங்கிலத் தொடரைத் தமிழ் நாளிதழ்கள் 'நல்லாட்சி' என்று எழுதுகின்றன. 'பொருளாதார வெற்றி' என்ற தொடரும் அதனோடு சேர்ந்து வருவதுண்டு. வளர்ச்சிப் பொருளியலில் இத்தொடர் இன்று பெற்றுள்ள பொருள் ஆப்பிரிக்காவைப் பற்றிய ஓர் அறிக்கையிலிருந்து தொடங்குகிறது. சகாராவுக்குத் தெற்கிலுள்ள நாடுகளின் பொருளாதாரம் 1980களில் ஏன் நொடித்துப்போனது என்று ஆராய்ந்த உலக வங்கி, 1989இல் வெளியிட்ட அறிக்கையில் அதற்கான காரணங்களுள் ஒன்றாக 'கவர்னன்ஸ் நெருக்கடி'யை, அதாவது ஆளும் முறையில் நேர்ந்த நெருக்கடியை, சுட்டியது.

'கவர்னன்ஸ்' என்பதன் வேர்ச்சொல் மிகப் பழையது. கப்பலின் சுக்கானைப் பிடித்துச் செலுத்துதலைக் குறித்த 'குபெர்னான்' என்ற கிரேக்க வினை, இலத்தீனில் 'குபெர்னாரே' ஆகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தை அடைந்தது. நெடுங்காலம் அதிகம் புழங்காமல் கிடந்த இச்சொல்லை உலக வங்கி தேடி எடுத்ததற்கு ஒரு நடைமுறைக் காரணம் இருந்தது. உறுப்பு நாடுகளின் அரசியலில் தலையிடக் கூடாது என்று வங்கியின் அமைப்பு விதிகளே தடுக்கின்றன. ஆகவே கடன் வாங்கும் நாட்டின் ஊழலையும் நிர்வாகச் சீர்கேட்டையும் பேச, 'அரசியல்' என்ற சொல்லைத் தொடாத ஒரு சொல் தேவைப்பட்டது. மலாவியில் வளர்ந்த பொருளியலாளர் தாண்டிகா மக்கண்டவிரே பிற்காலத்தில் இதைக் கடுமையாக விமரிசித்தார். வங்கி கருத்துக் கேட்ட ஆப்பிரிக்க அறிஞர்கள், அரசு தன் மக்களோடு கொள்ளும் உறவையே மனத்தில் வைத்துப் பேசினார்கள் என்றும், வங்கியோ அதைக் கணக்கு வழக்கும் நிர்வாகத் திறனுமாகச் சுருக்கிக்கொண்டது என்றும் அவர் எழுதினார். ஒரே சொல்லுக்குள் இரண்டு பொருள் குடியேறியது அப்போதுதான்.

நாடுகளின் ஆளும் முறையை அளக்க, 1996 முதல் உள்ள ஆண்டுகளுக்கு உலக வங்கி கணிக்கும் குறியீடுகள் ஆறு: மக்கள் குரலும் பொறுப்புக்கூறலும், அரசியல் நிலைத்தன்மை, அரசின் செயல்திறன், ஒழுங்குமுறைகளின் தரம், சட்டத்தின் ஆட்சி, ஊழல் கட்டுப்பாடு. ஆப்பிரிக்காவுக்கென்றே தனி அளவுகோல் ஒன்றும் உண்டு. சூடானில் பிறந்த தொலைத்தொடர்புத் தொழிலதிபர் மோ இப்ராகிம், தம் செல்டெல் நிறுவனத்தை விற்ற பின் 2006இல் தொடங்கிய அறக்கட்டளை, மறு ஆண்டிலிருந்து அக்கண்டத்து நாடுகளைத் தரவரிசைப்படுத்தி வருகிறது. (அந்த செல்டெல் வலைப்பின்னல்தான் கைமாறிக் கைமாறி 2010இல் நம்மூர் ஏர்டெல்லிடம் வந்து சேர்ந்தது.) முறையாகத் தேர்தலில் வென்று, ஆட்சிக்காலம் முடிந்ததும் ஒழுங்காக விலகிய தலைவருக்கு 50 இலட்சம் டாலர் பரிசும் அந்த அறக்கட்டளை தருகிறது, பல ஆண்டுகள் தகுதியானவர் இல்லை என்று அது கொடுக்கப்படாமலே போயிருக்கிறது. இப்ராகிம் குறியீட்டின் நான்கு பிரிவுகளில் கல்வி, நலவாழ்வு உள்ளிட்ட மனிதவள மேம்பாடும் பொருளாதார வாய்ப்புகளும் அடங்கியுள்ளன. 'நல்லாட்சியில் முதலிடம் பெற்ற நாடு செழிப்பாகவும் இருக்கிறது' என்று அதைக் காட்டி வாதிடுவோர், செழிப்பின் ஒரு பகுதி ஏற்கெனவே மதிப்பெண்ணுக்குள் சேர்ந்துவிட்டதை மறந்துவிடுகிறார்கள்.

இந்த ஒப்பீடுகளில் முதலில் சொல்லப்படும் பெயர் போட்சுவானா. 1966இல் விடுதலை பெற்றபோது அது தார்ச்சாலைகூட அரிதான, கால்நடையை நம்பிய வறண்ட நாடு. மறு ஆண்டே ஒராபாவில் வைரம் கிடைத்தது. அவ்விடம் முதல் குடியரசுத் தலைவர் செரெட்சே காமாவின் சொந்தக் குடியான பமங்வாட்டோ மக்களின் நிலப்பகுதி. அதே 1967இல் இயற்றப்பட்ட சட்டத்தின் வழியே, நிலத்தடிக் கனிம உரிமை தனித்தனிக் குடிகளிடமிருந்து நாட்டுக்குப் பொதுவாயிற்று. தன் குடிக்கே சொந்தமாக வைத்துக்கொண்டிருக்கக்கூடிய செல்வத்தை அவர் பொதுவில் வைத்த அந்த ஒரு முடிவு, ஆறு குறியீடுகளையும்விட அதிகம் விளக்குகிறது என்பது என் கருத்து. பின்னர் டி பியர்ஸ் என்ற வைர நிறுவனத்தோடு சரிபாதிப் பங்கில் சுரங்கங்கள் நடந்தன. வருவாயில் ஒரு பகுதியை எதிர்காலத்துக்கென ஒதுக்க 1994இல் புலா நிதியம் அமைந்தது. புலா என்பது அந்நாட்டு நாணயத்தின் பெயர். செட்சுவானா மொழியில் மழை என்று பொருள். 'இயல்புளிக் கோலோச்சும்' மன்னவன் நாட்டில் பெயலும் விளையுளும் கூடும் என்ற குறளைப் படித்தவர்களுக்கு இது வியப்பாக இராது.

அதற்கு நேர்மாறான நாடு எக்குவடோரியல் கினி. 1979இல் தம் நெருங்கிய உறவினரான அப்போதைய தலைவரைக் கவிழ்த்து ஆட்சியைப் பிடித்த ஒபியாங் இன்றும் பதவியில் இருக்கிறார். 1990களில் கடலடி எண்ணெய் பெருகியதும், தலைக்கு இவ்வளவு வருமானம் என்று வகுத்துப் பார்க்கும் கணக்கில் அந்நாடு கண்டத்தின் முன்வரிசைக்கு வந்தது. மக்களில் பெரும்பாலோர் வறுமையிலேயே இருந்தனர். துணைத் தலைவரான அவருடைய மகனைப் பொதுப்பணக் கையாடல் வழக்கில் பாரிஸ் நீதிமன்றம் 2017இல் குற்றவாளி என்று தீர்த்தது. 'இயற்றலும் ஈட்டலும் காத்தலும் காத்த வகுத்தலும் வல்லது அரசு' என்ற இலக்கணத்தில் ஈட்டல் மட்டும் நடந்து, வகுத்தல் நடவாத நாடு இது.

இவ்விரண்டை மட்டும் வைத்துக்கொண்டால் பாடம் எளிதாக முடிந்துவிடும். ருவாண்டா அதைக் குழப்புகிறது. 1994இன் இனப்படுகொலைக்குப் பின் எழுந்த அந்நாடு வேகமாக வளர்ந்துள்ளது. ஊழல் கட்டுப்பாட்டில் ஆப்பிரிக்காவின் முன்வரிசையில் நிற்கிறது. மக்கள் குரலுக்கான குறியீட்டிலோ மிகத் தாழ்ந்த இடம். 2024 தேர்தலில் குடியரசுத் தலைவர் பால் ககாமே பெற்றதாக அறிவிக்கப்பட்டது 99 விழுக்காடு வாக்கு. இது நல்லாட்சியா என்று கேட்டால் தமிழ்ச்சொல் தடுமாறுகிறது. மொரீசியஸ் அப்படித் தடுமாறவைப்பதில்லை. கரும்பை மட்டும் நம்பியிருந்த அத்தீவு ஆடைத் தொழில், சுற்றுலா, நிதிச் சேவை என்று விரிந்தது. தேர்தலில் ஆட்சிகளும் மாறின. 1998இல் வெளியான ரூபாய்த்தாள்களில் மற்ற மொழிகளுக்கிடையே தமிழ் இடம்பெறும் வரிசை மாற்றப்பட்டதற்கு அங்குள்ள தமிழர் கிளர்ந்தபோது, அத்தாள்களைத் திரும்பப் பெற்று வரிசையைப் பழையபடி ஆக்கினார்கள். சிறுபான்மையினரின் முறையீடு அரசை அசைக்க முடிந்தது என்பதும் ஆளும் முறையின் ஒரு கூறே.

'ஆள்' என்னும் அடி அரசாளுதல், உடைமையாக வைத்திருத்தல், பயன்படுத்துதல் ஆகிய பொருள்களைத் தரும். 'கையாளுதல்' அதிலிருந்தே வருகிறது. 'ஆட்சி' என்றவுடன் யார் ஆள்கிறார், எவ்வழியில் வந்தார் என்ற நினைவு எழுகிறது. கட்சி மேடைகளும் அச்சொல்லை நிறையவே தேய்த்துவிட்டன. இலங்கையில் 2015இல் அமைந்த அரசு 'நல்லாட்சி அரசாங்கம்' என்றே அழைக்கப்பட்டதால், அங்குள்ள வாசகருக்கு அது ஒரு குறிப்பிட்ட அரசின் பெயராகவும் ஒலிக்கும். தமிழ்நாட்டு அலுவலக வழக்கில் 'மின் ஆளுமை' என்பதில் வரும் 'ஆளுமை', ஒருவரது தனிப்பண்பைக் குறிக்கும் சொல்லாகவே ஊன்றிவிட்டது. 'செங்கோன்மை' அழகான சொல். ஆனால் கோலேந்தும் ஒருவனின் நடுநிலையைப் பேசுவது, தணிக்கைத் துறையையும் தேர்தல் ஆணையத்தையும் அதற்குள் அடக்குவது கடினம். ஆளும் முறையைக் குறிக்க 'ஆளுகை' என்றும், அதன் சிறப்பைக் குறிக்க 'நல்லாளுகை' என்றும் எழுதுவதே பொருத்தம். அப்போது ருவாண்டாவை, ஆளுகைத் திறன் மிக்க, குடியாட்சி நலிந்த நாடு என்று முரணின்றி எழுதலாம்.

உடன்வரும் 'பொருளாதார வெற்றி' என்ற தொடரையும் அப்படியே விட்டுவிட முடியாது. வளர்ச்சி என்பது உற்பத்தியின் பெருக்கம். மேம்பாடு என்பது அதனால் குடிகளின் வாழ்வு உயர்தல். போட்சுவானாவிலேயே வளர்ச்சியோடு வேலையின்மையும் பெரும் ஏற்றத்தாழ்வும் சேர்ந்தே இருந்தன. வைர விற்பனை சரிந்த 2024இல், 58 ஆண்டுகள் ஆண்ட கட்சி தேர்தலில் தோற்றது. வாக்கு எண்ணிக்கை முழுதும் முடிவதற்குள்ளாகவே அப்போதைய குடியரசுத் தலைவர் மசீசி தோல்வியை ஏற்றுக்கொண்டு, ஆட்சியை ஒப்படைக்க முன்வந்தார்.