காபித்தூள் கண்ணாடி பாட்டிலில் இருக்கட்டும்

போன ஐப்பசியில், அடைமழை பெய்த ஒரு நாள், எங்கள் கடைக்கு வாடிக்கையாக வரும் ஒரு அம்மா கையில் பிளாஸ்டிக் டப்பாவோடு வந்தார். சேலத்தில் காபிக்கொட்டை வறுத்து அரைத்துக் கொடுக்கும் கடை எங்களுடையது. அவர் பத்து வருடத்துக்கும் மேலாக எங்களிடம்தான் தூள் வாங்குகிறார். டப்பாவைத் திறந்து என் முன்னால் நீட்டினார்.

"தம்பி, நீங்களே மோந்து பாருங்க. வாங்கிப் பத்து நாள்கூட ஆகல. இது காபித்தூள் மாதிரியா இருக்கு?"

மோந்து பார்த்தேன். காபி வாசம் அடியில் எங்கோ கிடந்தது. முன்னால் வந்து நின்றது பெருங்காயம்.

"இதுல முன்னாடி என்னம்மா வெச்சிருந்தீங்க?"

"பெருங்காயம்தான். ஆனா ரெண்டு தடவை சோப்பு போட்டுக் கழுவி, காயவெச்சு, அப்புறம்தான் தூளைக் கொட்டினேன்."

அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. பழைய பெருமை பேசுகிறவர்களைப் பெருங்காய டப்பா என்று நம் ஊரில் சொல்வார்கள். சரக்கு தீர்ந்த பிறகும் வாசம் போகாது என்பதால் வந்த பேச்சு அது. பிளாஸ்டிக் டப்பாவுக்கு அது இன்னும் பொருந்தும். எண்ணெயில் கரையும் மணங்கள் பிளாஸ்டிக்குக்குள் ஊறிப்போகும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். எத்தனை முறை தேய்த்தாலும் மேலே இருப்பதுதான் போகும். அதே சமயம் காபியின் மணமும் அந்த டப்பாச் சுவருக்குள் போய்க்கொண்டிருக்கும். அந்த அம்மாவின் தூள் பெருங்காய வாசத்தை வாங்கிக்கொண்டு தன் வாசத்தைக் கொடுத்துவிட்டது.

அன்றிலிருந்து கடைக்கு வருகிறவர்களிடம் ஒன்றை விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தூளைக் கண்ணாடி பாட்டிலில் வையுங்கள். அதற்கான காரணங்களைக் கல்லாவில் நின்றுகொண்டு இரண்டு நிமிடத்தில் சொல்ல முடிவதில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் தூளுக்கு என்ன ஆகிறது என்று பார்க்கலாம். கொட்டையை வறுக்கும்போது உள்ளே கரியமில வாயு உண்டாகி அடைபட்டு நிற்கும். வறுத்த கொட்டை அதை நாள்கணக்கில் மெல்ல மெல்ல வெளியே விடும். ஒரு கிலோ கொட்டையிலிருந்து லிட்டர் கணக்கில் வரும். அரைத்துவிட்டால் அதில் பெரும்பங்கு உடனே போய்விடும். அதோடு மணமும் கிளம்பும். அரைவை மெஷின் ஓடும்போது தெருவில் போகிறவர்கள் ஒரு நிமிடம் நின்று மூச்சை இழுத்துவிட்டுப் போவார்கள். அந்த மணம் முழுக்கத் தூளை விட்டுப் போய்க்கொண்டிருக்கிற மணம்தான். வாயு வெளியேறிய இடத்தில் காற்று நுழையும். காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். காபிக்கொட்டையில் எண்ணெய்ச் சத்து உண்டு. காபியின் இரண்டு முக்கிய வகைகளில், அரபிகாவில் எடையில் ஏறக்குறைய 15 சதவீதம், ரோபஸ்டாவில் 10 சதவீதம். அந்த எண்ணெய் ஆக்சிஜனோடு சேரும்போது சிக்கு வாடை வரும், பழைய முறுக்கில் வருமே, அதே வாடை. கொட்டையாக இருந்தால் இது மெதுவாக நடக்கும். தூளாக்கிவிட்டால் காற்றுப் படும் பரப்பு பல மடங்கு கூடிவிடுவதால் வேகமாக நடக்கும்.

அப்புறம் ஈரம். வறுத்து அரைத்த தூளில் ஈரப்பதம் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. கடையை விட்டுப் போகும்போது அதற்குள் இருக்கும் தூள், மழைக்காலத்தில் வாய் திறந்த கவரில் கிடந்தால் அந்த அளவில் நிற்காது. சிக்கரி கலந்த தூள் இன்னும் சீக்கிரம் ஈரம் இழுத்துக் கட்டி தட்டும். கலவையில் காபி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும், மீதி எவ்வளவு சிக்கரி என்பதைப் பாக்கெட்டில் போட வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த எண்ணைப் பார்த்து வாங்குங்கள். சிக்கரி கூடுதலாக இருந்தால் பாத்திர விஷயத்தில் இன்னும் கவனமாக இருங்கள்.

கண்ணாடி இங்கேதான் உதவுகிறது. மணல், சோடா சாம்பல், சுண்ணாம்புக்கல் மூன்றையும் 1500 டிகிரிக்குப் பக்கத்தில் உருக்கி வார்க்கிற பொருள் அது. அதன் சுவர் வழியாக ஆக்சிஜன் நுழையாது, ஈரம் நுழையாது, வாசம் வெளியேறாது. காபி எண்ணெய் அதில் ஊறாது. நேற்று ஊறுகாய் இருந்த பாட்டிலை இன்று நன்றாகக் கழுவிக் காயவைத்துவிட்டால் கண்ணாடிக்கு ஊறுகாயின் நினைவே இருக்காது. மூடியின் கதை வேறு, அதற்கு அப்புறம் வருகிறேன்.

அலுமினியத் தாள் உள்ளே ஒட்டிய பாக்கெட்டும் நல்ல அடைப்புதானே என்று சிலர் கேட்பார்கள். நல்ல அடைப்புதான். ஒரு வழியாக மட்டும் வாயுவை விடும் குட்டி வால்வு வைத்த பாக்கெட் கொட்டைக்கு அருமையான ஏற்பாடு, அதை நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அந்தப் பாதுகாப்பெல்லாம் நீங்கள் கத்தரிக்கோல் வைக்கும் வரைக்கும்தான். பிரித்த பிறகு வாயை மடித்து ரப்பர் பேண்டு போட்டு வைக்கிறோம். அதன் பிறகு இரண்டு மூன்று வாரம் அந்தத் தூள் இருக்கப்போவது நம் அடுக்களையில். அந்த நாட்களுக்குத்தான் பாட்டில் வேண்டும்.

கண்ணாடிக்குக் காபி புதிதும் இல்லை. 1942-இல், உலகப் போர் நடக்கும்போது, அமெரிக்காவில் தகரத்துக்குத் தட்டுப்பாடு வந்தது. காபியைத் தகர டின்னில் அடைக்கக் கட்டுப்பாடு போட்டார்கள். 1900-லிருந்து காற்றை உறிஞ்சிய டின்னில் காபி விற்றுவந்த ஊரில் கம்பெனிகள் கண்ணாடி ஜாடிக்கு மாறின. நம் வீடுகளில் இன்ஸ்டன்ட் காபி வந்த ஜாடிகள் இன்னும் கடுகும் சீரகமுமாக அலமாரியில் நிற்கின்றன. இன்ஸ்டன்ட் தூள் ஈரம் பட்டால் நொடியில் பிசுபிசுத்துப் பாறையாகும். அதனால்தான் அதைக் கண்ணாடியில் அடைத்து வாயில் தாளும் ஒட்டி விற்றார்கள். நம் ஃபில்டர் தூளை மட்டும் ஏனோ கவரிலேயே விட்டுவிட்டோம்.

இதை வாயால் சொன்னால் போதாது என்று தை மாதம் ஒரு சோதனை செய்தேன். ஒரே அரைவை, 80 பங்கு காபிக்கு 20 பங்கு சிக்கரி. கால் கிலோ வீதம் நான்கு இடத்தில் வைத்தேன். காகிதக் கவர், புது பிளாஸ்டிக் டப்பா, எவர்சில்வர் சம்படம், இறுக்கமான மூடி போட்ட கண்ணாடி பாட்டில். தினமும் காலையில் நான்கையும் திறந்து டிகாக்‌ஷன் போட்டோம். நானும் என் மனைவியும் கடைப்பையனும் குடித்துப் பார்த்தோம்.

முதல் நாள் நான்கும் ஒன்றுதான். ஃபில்டரில் வெந்நீர் ஊற்றியதும் தூள் மேலே உப்பி, சின்னச் சின்னக் குமிழாக நுரைத்தது. உள்ளே வாயு மிச்சமிருப்பதன் அடையாளம் அது. ஐந்தாம் நாள் காகிதக் கவர்த் தூளில் தண்ணீர் ஊற்றினால் சேற்றில் ஊற்றியது போல அப்படியே இறங்கியது, குமிழே இல்லை. பிளாஸ்டிக் டப்பாத் தூள் பத்தாம் நாளுக்குள் மந்தமாகிவிட்டது. எவர்சில்வர் சம்படம் பத்து நாள் வரை கண்ணாடிக்கு ஈடு கொடுத்தது. அதற்கு மேல் பின்தங்கியது. காரணம் எவர்சில்வரில் இல்லை, அதுவும் வாசம் பிடிக்காத, வெளிச்சம் விடாத நல்ல பொருள்தான். குறை அதன் மூடியில். நம் சம்படங்களின் மூடி சும்மா உட்காருமே தவிர இறுகாது. ரப்பர் வளையம் வைத்த எவர்சில்வர் டப்பா இருந்தால் தாராளமாக அதிலேயே வையுங்கள். கண்ணாடித் தூளிலும் இருபதாம் நாள் முதல் நாளின் துள்ளல் இல்லை. அப்படி இருக்கும் என்று நான் சொன்னால் பொய். ஆனால் திறந்ததும் காபி மணந்தது, சிக்கு வாடை இல்லை, டிகாக்‌ஷன் கள்ளிச்சொட்டாக இறங்கியது.

சரி, பாட்டில் வாங்கியாகிவிட்டது, அவ்வளவுதானா என்றால், இல்லை. எனக்கே ஒரு தவறு நடந்தது. பாட்டிலில் தூள் விற்க ஆரம்பித்த புதிதில், கடை முகப்பு அலமாரியில் வரிசையாக அடுக்கிவைத்தேன். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் எங்கள் கடை மேற்குப் பார்த்த கடை. மாலை வெயில் நேராக அந்த வரிசையில் விழும். இரண்டு வாரம் கழித்து ஒன்றைத் திறந்தேன். முகத்தில் அடித்தது சிக்கு வாடை. வெளிச்சமும் சூடும் எண்ணெயைக் கெடுக்கும். நிறமில்லாத கண்ணாடி வெளிச்சத்தை அப்படியே உள்ளே விடும். பழுப்பு நிற பாட்டில் அதில் பெரும்பகுதியைத் தடுக்கும், அதனால்தான் மருந்துகளை அதில் அடைக்கிறார்கள். வீட்டில் இருப்பது வெள்ளை பாட்டில் என்றால் கதவு வைத்த அலமாரிக்குள், அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள். ஜன்னல் திட்டு வேண்டவே வேண்டாம்.

மூடி. கண்ணாடி பாட்டிலின் பலவீனம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. சுவர் வழியாக எதுவும் போகாது, போனால் மூடி வழியாகத்தான். மூடிக்குள் இருக்கிற வட்ட வாஷரைப் பாருங்கள். வெடித்திருந்தால், ஒரு பக்கம் அமுங்கியிருந்தால், அது அடைக்காது. பாட்டிலில் பாதி தண்ணீர் ஊற்றி, மூடி, ஒரு காகிதத்தின் மேல் தலைகீழாகக் கவிழ்த்து இரவு முழுக்க வையுங்கள். காலையில் காகிதம் நனைந்திருந்தால் மூடியை மாற்றுங்கள். ஊறுகாய் பாட்டிலை மறுபடி பயன்படுத்துகிறவர்கள் மூடியைக் கட்டாயம் மாற்றுங்கள், கண்ணாடியிலிருந்து போன வாசம் அந்த வாஷரில் இருக்கும்.

அடுத்து அளவு. கால் கிலோ தூளுக்கு 700 மில்லி பாட்டில் ஏறக்குறைய நிறைந்துவிடும். இரண்டு லிட்டர் ஜாடியில் கால் கிலோவைப் போட்டு வைத்தால் மீதி இடம் முழுக்கக் காற்றுதான், திறக்கும்போதெல்லாம் அது புதிதாக நிரம்பும். அரைக் கிலோ வாங்குகிறவர்கள் இரண்டு பாட்டிலில் பிரித்து, ஒன்றைத் தொடாமல் வைத்துவிட்டு ஒன்றைத் தினமும் எடுங்கள். ஈர ஸ்பூன் போடாதீர்கள். கொதிக்கும் பாலுக்கு மேலே பாட்டிலைத் திறந்து பிடிக்காதீர்கள், ஆவி நேரே உள்ளே போகும். ஃப்ரிட்ஜில் வைக்கலாமா என்று தினமும் ஒருவராவது கேட்கிறார். தினமும் எடுக்கிற பாட்டிலை வைக்காதீர்கள். குளிர்ந்த பாட்டிலை வெளியே எடுத்துத் திறந்ததும் நம் ஊர்க் காற்றின் ஈரம் தூளின் மேல் படியும்.

வறுத்த கொட்டையாக வாங்கிப் போகிறவர்களுக்கு ஒரு சொல். அன்றைக்கு வறுத்ததை இறுக்கமான பாட்டிலில் அடைத்துவிடாதீர்கள், வாயு சேர்ந்து மூடி உப்பும். முதல் ஓரிரு நாள் மூடியைத் தளர்வாக வைத்து அப்புறம் இறுக்குங்கள். எங்களிடம் அரைக்கும் தூளையும் சில மணி நேரம் மூடிய பாத்திரத்தில் ஆறவிட்டுத்தான் பாட்டிலில் போடுகிறோம்.

தொழில் செய்கிறவர்கள் இதைப் படிப்பதாக இருந்தால், கண்ணாடியின் கஷ்டத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எடை அதிகம். கால் கிலோ தூளைப் போட 300 கிராமுக்கு மேல் எடையுள்ள பாட்டில் வேண்டும். வண்டிச் செலவு ஏறும், கூரியரில் உடையும். உடைவதைவிடப் பெரிய ஆபத்து சில்லு. ஒரு ராத்திரி எங்கள் கடையில் அரைவை மெஷின் பக்கத்தில் ஒரு பாட்டில் கை நழுவி விழுந்தது. பக்கத்தில் நான்கு கிலோ தூள் திறந்த தட்டில் இருந்தது. சலித்துப் பார்க்கலாமே என்று பையன் கேட்டான். கண்ணாடிப் பொடியைச் சல்லடை பிடிக்கும் என்று நம்ப முடியாது. நான்கு கிலோவையும் குப்பையில் கொட்டினோம். அன்றிலிருந்து தூள் திறந்திருக்கும் அறைக்குள் பாட்டில் அடைக்கும் வேலை கிடையாது, அதற்குத் தனி மேசை, தனி இடம். வாய் விளிம்பில் பொடிந்த பாட்டில் எவ்வளவு சின்னப் பொடிவாக இருந்தாலும் பழைய பாட்டில் கடைக்குப் போய்விடும்.

ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போட்டால் கண்ணாடியும் நல்ல பொருள் ஆகாது என்பது என் கருத்து. அதை உருக்க எரிக்கிற எரிபொருள் கொஞ்சநஞ்சம் இல்லை. உடைந்த கண்ணாடியை எத்தனை முறை வேண்டுமானாலும் உருக்கித் திரும்ப வார்க்கலாம், மணலை மட்டும் உருக்குவதைவிட அதற்குச் சூடும் குறைவாகவே வேண்டும். ஆனால் கழுவித் திரும்ப நிரப்புவதற்கு ஈடு அதுவும் இல்லை. நம் ஊருக்கு இது தெரியாததா? கோலி சோடா குடித்தவர் யாரும் பாட்டிலை வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை, அது கடைக்கே திரும்பும். அதே முறையில் நாங்கள் பாட்டிலுக்கு 40 ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டு, திரும்பக் கொண்டுவந்தால் கொடுத்துவிடுகிறோம். வந்த பாட்டிலைச் சமையல் சோடா கரைத்த வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துத் தேய்ப்போம். உள்சுவரில் ஒட்டிய பழைய காபி எண்ணெய் போகாவிட்டால் புதுத்தூளுக்கும் அந்த வாடை வரும். அப்புறம் அலசி, கவிழ்த்து, ஒரு நாள் முழுக்கக் காயவைப்போம். மூடி மட்டும் ஒவ்வொரு முறையும் புதிது.

அந்த அம்மா அடுத்த மாதம் வந்தபோது துணிப்பையிலிருந்து ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தார். "எங்க மாமியார் வெச்சிருந்தது தம்பி. பரண்ல கிடந்துது. இது ஆகுமா?" தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். விளிம்பில் ஒரு பொடிவும் இல்லை, மூடியின் வாஷர் மட்டும் இற்றுப்போயிருந்தது. கடையில் இருந்த புது வாஷரை வெட்டிப் பொருத்தி, அவருக்கு வழக்கமான கால் கிலோவை அரைத்து ஆறவைத்து, பாட்டிலை மேசையில் இரண்டு தட்டு தட்டிக் கழுத்து வரை நிரப்பிக் கொடுத்தேன்.