அழிந்தும் இருப்பு குறையாத கணக்கு

"பிளாக்செயினை யாராலும் உடைக்க முடியாது என்கிறார்கள். அப்புறம் எதற்கு அதில் ஓட்டை கண்டுபிடிப்பவர்களுக்குக் கோடிக்கணக்கில் பரிசு?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

உடைக்க முடியாது என்பது, பல கணினிகளில் பகிர்ந்து வைத்த அந்தக் கணக்கேட்டின் அடியில் இருக்கும் கணிதத்துக்குப் பொருந்தும். ஹேஷ் (எந்தத் தரவையும் கைரேகைபோலச் சுருக்கும் கணக்கு), டிஜிட்டல் கையொப்பம் எல்லாம் உறுதியாகத்தான் நிற்கின்றன. ஆனால் அந்தக் கணிதத்தின் மேல் ஓடும் நிரலை எழுதுவது மனிதர்கள். பெரிய திருட்டுகள் அங்கேதான் நடக்கின்றன. 2022 பிப்ரவரியில் வெளிவந்த ஒரு பிழையை வைத்து இதைச் சொல்கிறேன். நான் படித்த பிழைகளிலேயே மிக அழகானது அது.

ஈதர் என்ற மின்பணம் புழங்கும் பிளாக்செயின் எதீரியம். அந்த நெட்வொர்க்கில் அப்போது நெரிசலும் கட்டணமும் அதிகம். அதைக் குறைக்க அதன் மேல் இன்னொரு அடுக்காக ஓடும் நெட்வொர்க்குகள் வந்தன. ஆப்டிமிசம் அதில் ஒன்று. எதீரியத்தில் உங்கள் ஈதரை ஒரு ஸ்மார்ட் கான்ட்ராக்டில் (பிளாக்செயினில் தானாக ஓடும் நிரல்) பூட்டி வைத்தால், அதே அளவு ஈதர் ஆப்டிமிசத்தில் உங்கள் கணக்கில் ஏறும். ஆக, ஆப்டிமிசத்தில் புழங்கும் ஒவ்வொரு ஈதருக்கும் எதீரியத்தில் ஒரு ஈதர் பூட்டிக் கிடக்க வேண்டும். இந்தச் சமன் கெட்டால் எல்லாம் போச்சு.

ஆப்டிமிசம் குழு தங்கள் மென்பொருளைப் புதிதாக எழுதவில்லை. எதீரியத்தை இயக்கும் 'கெத்' என்ற மென்பொருளை எடுத்துத் தங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டார்கள். அதில் ஒரு மாற்றம்தான் வினையானது. கெத்தில் ஒவ்வொரு கணக்கின் இருப்பும் அந்தக் கணக்கின் சொந்தப் பதிவிலேயே இருக்கும். 2021 நவம்பரில் வந்த ஆப்டிமிசம் பதிப்பிலோ எல்லாருடைய இருப்பும் ஒரே ஒரு கான்ட்ராக்டுக்குள் இருந்த அட்டவணைக்குப் போனது. கடையில் பழைய பேரேட்டை மூடிவிட்டுப் புதுப் பேரேடு போட்டதுபோல. இருப்பைப் பார், கூட்டு, கழி என்று கெத்தில் இருந்த வேலைகளையெல்லாம் புதுப் பேரேட்டுக்குத் திருப்பிவிட்டார்கள். ஒரே ஒரு வரி தப்பிவிட்டது.

அந்த வரி 'செல்ஃப்டிஸ்ட்ரக்ட்' என்ற கட்டளைக்குள் இருந்தது. ஒரு கான்ட்ராக்ட் தன்னைத்தானே அழித்துக்கொள்ள அப்போது பயன்பட்ட கட்டளை அது. அழியும்போது மிச்சப் பணத்தை யாருக்குக் கொடுப்பது என்றும் சொல்லிவிடலாம். உள்ளே மூன்று வேலைகள் நடக்கும். முதலில் அழியப்போகிறவரின் இருப்பைப் பார்ப்பது. அடுத்து அதே தொகையைப் பெறுபவரின் கணக்கில் கூட்டுவது. கடைசியாக அழிந்தவருக்கு 'இறந்தார்' என்று குறி போட்டு, இருப்பைப் பூஜ்ஜியமாக்குவது.

முதல் இரண்டும் புதுப் பேரேட்டில் ஒழுங்காக நடந்தன. மூன்றாவதில்தான் வேடிக்கை. கெத்தை எழுதியவர்கள் அங்கே கழித்தல் வேலையைக் கூப்பிடவில்லை. எப்படியும் எல்லாம் போகப்போகிறது என்று, இருப்பு இருக்கும் இடத்தில் நேராகப் பூஜ்ஜியத்தை எழுதிவிட்டார்கள். எதீரியத்தில் இது முழுக்கச் சரி. ஆப்டிமிசத்தில் அந்தப் பூஜ்ஜியம் யாரும் திறந்து பார்க்காத பழைய பேரேட்டில் போய் விழுந்தது. பெற்றவருக்கு வரவு வந்தது, கொடுத்தவருக்குப் பற்று எழுதப்படவில்லை.

கான்ட்ராக்ட்தான் அழிந்துவிட்டதே, அதனிடம் பணம் இருந்தால் என்ன என்று தோன்றும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். அன்றைய விதிப்படி, தன்னை அழித்துக்கொண்ட கான்ட்ராக்ட் அந்த நொடியே காணாமல் போவதில்லை. அந்தப் பரிவர்த்தனை முழுசாக முடிந்த பிறகுதான் துடைக்கப்படும். அதுவரை அதற்கு உயிர் உண்டு. பணம் வாங்கலாம், மறுபடி கூப்பிட்டால் மறுபடியும் தன்னை அழித்துக்கொள்ளலாம்.

சரி, 'அ' என்ற கான்ட்ராக்டிடம் 1 ஈதர் இருக்கிறது. 'ஆ'வுக்குக் கொடுக்கச் சொல்லி அது தன்னை அழித்துக்கொள்கிறது. இப்போது ஆவிடம் 1, அவிடமும் இன்னும் 1. ஆ தன்னிடம் உள்ளதை அவுக்கே திருப்பி அனுப்புகிறது. அவிடம் 2. மறுபடி அழிவு: ஆவிடம் 2, அவிடம் 2. திருப்பி அனுப்பு, அவிடம் 4. இப்படி 10 சுற்றில் 1,024 ஈதர். 20 சுற்றில் 10 லட்சத்துக்கு மேல். 27-வது சுற்றில் 13 கோடியைத் தாண்டும். அப்போது எதீரியத்தில் இருந்த மொத்த ஈதரே சுமார் 12 கோடிதான். பணத்தை இரட்டிப்பாக்கித் தருகிறேன் என்று பூஜை போட்டு ஏமாற்றுகிறவர்கள் நம் ஊரில் அவ்வப்போது கைதாகிறார்கள். மக்களும் சளைக்காமல் நம்புகிறார்கள். இங்கே பூஜையே இல்லாமல் நிஜமாகவே இரட்டித்திருக்கும்.

இதைக் கண்டுபிடித்தவர் ஜே ஃப்ரீமேன். 'சௌரிக்' என்ற பெயரில் 2008-லேயே ஐபோனுக்கு 'சிடியா'வை (ஆப்பிளின் பூட்டை உடைத்த ஐபோன்களுக்கான செயலிக் கடை) உருவாக்கியவர். பிழையை அவர் ஆப்டிமிசத்திடம் சொன்னது 2022 பிப்ரவரி 2 அன்று. உறுதி செய்துகொண்ட சில மணி நேரத்தில் சரி செய்துவிட்டார்கள். பரிசு 20,00,042 டாலர், அன்றைய மதிப்பில் சுமார் 15 கோடி ரூபாய். கடைசி 42 கணினிக்காரர்களின் குறும்பு.

அவர் சொல்லாமல் இருந்திருந்தால்? ஆப்டிமிசத்தின் அதிகாரபூர்வ வழியில் பணத்தை எதீரியத்துக்கு எடுக்க 7 நாள் காத்திருக்க வேண்டும். ஆனால் ஒரு நெட்வொர்க்கின் பணத்தை இன்னொன்றுக்கு உடனே மாற்றித் தரும் 'பாலங்கள்' என்ற வேறு சேவைகள் இருந்தன. போலி ஈதரை அங்கே தள்ளிவிட்டு மற்றவர்களின் நிஜப் பணத்தோடு வெளியேறியிருக்கலாம்.

தற்செயலாக, அதே பிப்ரவரி 2 அன்றுதான் 'வோர்ம்ஹோல்' என்ற இன்னொரு பாலத்தில் 1,20,000 ஈதர் திருடு போனது. மதிப்பு 30 கோடி டாலருக்கு மேல். திருப்பிக் கொடுத்தால் 1 கோடி டாலர் தருகிறோம் என்று திருடனுக்கு அறிவித்தார்கள். பலன் இல்லை. மூன்று வாரம் கழித்து, புனைபெயரில் இயங்கும் ஓர் ஆய்வாளர் அதே வோர்ம்ஹோலில் வேறொரு ஓட்டையை, பிழைப் பரிசுத் திட்டங்களை நடத்தும் 'இம்யூன்ஃபை' தளம் வழியாகத் தெரிவித்தார். அவருக்கு அதே 1 கோடி டாலர் கொடுத்தார்கள். இம்முறை யார் பணமும் போகவில்லை. ஆபத்தில் இருக்கும் தொகையில் 10 சதவீதத்தைப் பரிசாக வைக்கலாம் என்பது இம்யூன்ஃபை சொல்லும் கணக்கு. வங்கித் திருட்டில் திருடியவனைப் பிடித்தால் பணம் திரும்பி வர வாய்ப்புண்டு. இங்கே பரிவர்த்தனையை யாரும் ரத்து செய்ய முடியாது, திருடன் யாரென்றும் பெரும்பாலும் தெரியாது. அதனால்தான் பரிசுத் தொகை நம் காதுக்கு அபத்தமாகக் கேட்கிறது.

ஆப்டிமிசம் பழைய பதிவுகளைத் தோண்டிப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. எதீரியப் பதிவுகளைத் தேடிப் பார்க்க உதவும் ஈதர்ஸ்கேன் தளத்தின் ஊழியர் ஒருவர் ஏற்கெனவே ஒரு முறை தெரியாமல் இந்தப் பிழையை மிதித்திருக்கிறார். பயன்படுத்தக்கூடிய கூடுதல் ஈதர் எதுவும் அதில் உருவாகவில்லை, யாரும் கவனிக்கவும் இல்லை. நிரலும் பதிவுகளும் உலகமே பார்க்கத் திறந்து கிடந்தன. திறந்து கிடப்பது வேறு, ஒருவர் உட்கார்ந்து வரி வரியாகப் படிப்பது வேறு.

பரிசுத் திட்டங்கள் மீது எனக்குள்ள குறையும் இங்கேதான். படித்ததற்குக் காசு இல்லை, கிடைத்ததற்குத்தான் காசு. மாதக்கணக்கில் படித்துவிட்டு 'பிழை ஒன்றும் இல்லை' என்று சொல்பவர் வெறுங்கையோடு போகிறார். அந்தப் பதிலும் பல கோடி பெறும் தகவல்தான். நம் பல்கலைக்கழகங்களிலும் எதிர்மறை முடிவோடு வரும் ஆய்வுக்கு இதே கதி. நிரலில் பிழை தேடும் போட்டிகளை நடத்தும் 'ஷெர்லாக்' என்ற தளம் கொஞ்சம் மாற்றி யோசித்தது. ஒவ்வொரு போட்டியிலும் முதன்மை ஆய்வாளர் ஒருவரை நியமித்து, பிழை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அவருக்கு ஒரு நிலையான தொகையைக் கொடுத்தார்கள். மற்றவர்களும் இதைப் பின்பற்றலாம்.