குளவி அந்துப்பூச்சி: படம் இருக்கிறது, பெயர் எங்கே?

ஐப்பசி மழைக்கு அப்புறம் உச்சிப்புளி, மண்டபம் பக்கம் புல்பூண்டு தழைத்ததும், பட்டப்பகலில் மந்தமாகப் பறக்கும் ஒரு கறுப்புப் பூச்சியைப் பார்க்கலாம். சிறகில் கண்ணாடிபோன்ற புள்ளிகள், வயிற்றில் மஞ்சள் பட்டை. குளவி என்று பயந்து கையை இழுத்துக்கொள்வோம். அது கொட்டாது, அந்துப்பூச்சிதான். குளவிக்கு உள்ள ஒடுங்கிய இடுப்பு இதற்குக் கிடையாது. பின்சிறகும் முன்சிறகைவிட மிகச் சிறியது.

இதுவரை கண்டுபிடிக்கக் கைபேசிப் படமே போதும். இவற்றில் பல அமாட்டா என்ற பேரினத்தைச் சேர்ந்தவை. அந்தப் பேரினத்தில் எந்த இனம் என்று கேட்டால்தான் வம்பு, பல இனங்கள் பார்க்க ஒரே மாதிரி. அதற்குக் காரணம் பறவைகள்.

குளவியிடம் ஒருமுறை கொட்டு வாங்கிய பறவை, மறுபடி அந்த நிறத்தைக் கண்டாலே ஒதுங்கிவிடும். அந்த நிறக்கோலத்திலிருந்து விலகிய அந்துப்பூச்சி இரையாகும்; ஒட்டியிருப்பது பிழைக்கும். இப்படித் தலைமுறை தலைமுறையாகப் பல இனங்கள் ஒரே வேஷத்துக்கு வந்து சேர்ந்துவிட்டன. பறவைக் கண்ணுக்குத் தெரியாத உறுப்புகளுக்கு இந்த நெருக்கடி இல்லை, அவை இனத்துக்கு இனம் வேறுபட்டே இருக்கின்றன. கேமராவோ பறவை பார்க்கும் பக்கத்தைத்தான் எடுக்கிறது!

போதாததற்கு, ஒரே இனத்துக்குள்ளும் ஒழுங்கு கிடையாது. ஒன்றில் கண்ணாடிப் புள்ளிகள் சிறிதாக இருக்கும், இன்னொன்றில் இரண்டு புள்ளிகள் ஒன்றாக இணைந்திருக்கும். அந்தப் புள்ளிகளில் நிறம் தரும் செதில்கள் இல்லை, அதனால்தான் ஒளி ஊடுருவுகிறது. வயதான பூச்சிக்குச் செதில் உதிர உதிரப் புள்ளியின் ஓரமே மாறிவிடும். மணலில் உட்கார்ந்தால் புள்ளி வெளுப்பாகத் தெரியும், அடம்பு இலையில் உட்கார்ந்தால் பச்சை. கறுப்பின் மேலுள்ள நீலப் பளபளப்பு கோணத்துக்குக் கோணம் வரும், போகும். பாம்பன் காற்றில் இலை ஆடாமல் நின்றால்தானே இதையெல்லாம் தெளிவாக எடுக்க முடியும்!

மேலிருந்து எடுத்த ஒரே படத்தை வைத்து இனப்பெயர் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. செயலி பெயர் சொல்லும், சரி. அது ஒப்பிடும் பழைய படங்களில் பெயர் தப்பாக இருந்தால் அதே தப்பைத்தான் திருப்பிச் சொல்லும். நெற்றியின் நிறம், உணர்கொம்பின் நுனி, கால்கள், வயிற்றின் பக்கவாட்டு, பின்சிறகு எல்லாம் தெரிகிற மாதிரி நாலைந்து கோணத்தில் எடுத்தால் வாய்ப்பு கூடும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள அமாட்டா பாசாலிஸ் (இதன் புழு சந்தன மரத்து இலையைத் தின்னும்) போன்றவற்றை அப்போது ஓரளவு ஊகிக்கலாம். அதற்கு மேல் தெரியாவிட்டால் ‘அமாட்டா’ என்று மட்டும் எழுதி நிறுத்துவதே முறை.

உறுதி வேண்டுமென்றால் ஆய்வகம்தான். இறந்த பூச்சியின் வயிற்று நுனியைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்து, மென்திசு கரைந்ததும் இனப்பெருக்க உறுப்பைப் பிரித்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். ஆணின் பற்றுறுப்புகளின் (இணையும்போது பெண்ணைப் பிடித்துக்கொள்ளும் உறுப்புகள்) வடிவம் முக்கியமான அடையாளம். 2003 முதல் டிஎன்ஏ பார்கோடு முறையும் உண்டு. பூச்சியின் ஒரு கால் கிடைத்தாலே போதும். மைட்டோகாண்ட்ரியா மரபணு ஒன்றின் சுமார் 650 டிஎன்ஏ எழுத்துகளைப் படித்து ஒப்பிடலாம். ஒப்பிடுவதற்கு, சரியாகப் பெயரிட்ட மாதிரியின் வரிசை ஏற்கெனவே பதிவாகியிருக்க வேண்டும்.