ஒரு பியானோ சுரம் எப்படித் தேய்கிறது?

அமைதியான தனிப் பியானோ ஆல்பம் ஒன்று புதிதாக வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குரல் இல்லை, தாளக்கருவி இல்லை. வாசிப்பவர் ஒரு சுரத்தை அழுத்துகிறார், அப்புறம் காத்திருக்கிறார். அடுத்த சுரம் வருவதற்குள் மூன்று நான்கு விநாடிகள் ஓடிவிடுகின்றன. இவ்வளவு குறைவாக வாசித்தும் கேட்பதற்கு நிறைய இருக்கிறது என்றால், அந்த இடைவெளியில் பியானோவுக்குள் நடப்பவைதான் காரணம்.

வயலின்காரரும் புல்லாங்குழல்காரரும் ஒரு சுரத்தைத் தொடங்கிய பிறகும் அதைப் பெருக்கலாம், அசைக்கலாம், வளைக்கலாம். பியானோவில் அந்த வசதி கிடையாது. விசையை அழுத்திய அடுத்த கணமே சுரம் தேயத் தொடங்கிவிடும். எவ்வளவு வேகத்தில் அடிப்பது, எப்போது நிறுத்துவது, பெடல்களை என்ன செய்வது, இவை மட்டும்தான் வாசிப்பவர் கையில். வேகமான இசையில் இந்தக் குறை தெரியாது, அடுத்தடுத்த சுரங்கள் வந்து மூடிவிடும். நிதானமான இசையோ அந்தத் தேய்வையே தன் சரக்காக எடுத்துக்கொள்கிறது.

இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் 1700 வாக்கில் பார்த்தொலொமேயோ கிறிஸ்தோஃபோரி செய்த கருவியிலிருந்துதான் இன்றைய பியானோ வந்தது. 1720இல் அவர் செய்த ஒன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. அவர் தீர்க்க வேண்டியிருந்த சிக்கல் இது: சுத்தியல் கம்பியை அடிக்க வேண்டும், அடித்த கையோடு விலகவும் வேண்டும். ஒட்டிக்கொண்டே இருந்தால் அதிர்வை அதுவே அடக்கிவிடும். அதனால் நெம்புகோல்கள் சுத்தியலை மேலே தள்ளிக்கொண்டு போய், கம்பிக்கு ஓரிரு மில்லிமீட்டர் முன்பாகவே கைவிட்டுவிடுகின்றன. மீதித் தூரத்தைச் சுத்தியல் தன் வேகத்திலேயே கடந்து, சில மில்லிவிநாடிகள் மட்டும் கம்பியைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறது. விரலை எவ்வளவு உருக்கமாக வைத்து அழுத்தினாலும் கம்பிக்குப் போய்ச் சேருவது அந்த வேகம்தான்.

ஆனால் வேகம் மாறினால் ஒலியின் அளவு மட்டும் மாறுவதில்லை. சுத்தியலின் தலையில் அழுத்திப் பொதிந்த கம்பளி ஃபெல்ட் இருக்கிறது. மெதுவாக மோதும்போது அது மென்மையாக நடந்துகொள்கிறது. கம்பியைச் சற்று நீண்ட நேரம் தொடுகிறது, உயர்ந்த மேற்சுரங்களை, அதாவது அடிப்படைச் சுரத்தோடு கூடவே எழும் உயர்ந்த அதிர்வுகளை, கிளம்பவிடாமல் அமுக்கிவிடுகிறது. வேகமாக மோதினால் ஃபெல்ட் இறுகுகிறது, கம்பியிலிருந்து கூர்மையான மேற்சுரங்கள் தெறிக்கின்றன. சத்தமாக வாசித்த பதிவை எடுத்து வால்யூமைக் குறைத்தால் மென்மையான வாசிப்பு கிடைக்காது. தூரத்தில் கேட்கும் சத்தமான வாசிப்புதான் கிடைக்கும். காது இந்த வித்தியாசத்தை எளிதில் பிடித்துவிடும்.

இனி தேய்வுக்கு வருவோம். இந்தக் கருவியின் மிக அழகான இயற்பியல் இங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி.

பியானோவில் 88 விசைகள், கம்பிகளோ ஏறத்தாழ 230. அடிச்சுரங்களுக்கு ஒன்று அல்லது இரண்டு, நடுவிலும் மேலேயும் சுரத்துக்கு மூன்று. கம்பி மெலிந்தது, தனியாக அதனால் காற்றை அசைக்க முடியாது. அது தன் அதிர்வைக் குதிரை, அதாவது கம்பிகள் அழுந்திக் கிடக்கும் மரக்கட்டை, வழியாக மரத்தாலான ஒலிப்பலகைக்குக் கொடுக்கிறது, பலகைதான் காற்றை அசைக்கிறது. ஆகவே கம்பியிலிருந்து பலகைக்கு ஆற்றல் எவ்வளவு விரைவாகக் கசிகிறதோ, அவ்வளவு சத்தமாகவும் அவ்வளவு சீக்கிரமாகவும் சுரம் செலவாகிவிடும்.

நடுப்பகுதிச் சுரம் ஒன்றைக் கூர்ந்து கேளுங்கள். முதல் ஓரிரு விநாடிகளில் ஒலி சரசரவென்று இறங்குகிறது. அதே வேகத்தில் இறங்கினால் சீக்கிரமே காணாமல் போயிருக்க வேண்டும். போவதில்லை. ஒரு கட்டத்தில் சரிவு தணிந்து, மெல்லிய ஒலி ஒன்று நெடுநேரம் நிற்கிறது. இந்த இரண்டு கட்டத் தேய்வை இயற்பியலாளர் காப்ரியேல் வைன்ரைக் 1977இல் விளக்கினார். சுத்தியல் மூன்று கம்பிகளையும் ஒரே நேரத்தில் அடிப்பதால் தொடக்கத்தில் மூன்றும் ஒன்றாக மேலும் கீழும் ஆடுகின்றன. மூன்றும் சேர்ந்து குதிரையைத் தள்ளுவதால் ஆற்றல் மளமளவென்று பலகைக்குப் போகிறது. ஆனால் மூன்றும் நூற்றுக்கு நூறு ஒரே சுருதியில் இருப்பதில்லை. நல்ல சுருதி சேர்ப்பவரின் கையிலும் நுண்ணிய வேறுபாடு இருக்கவே செய்யும். சற்று நேரத்தில் ஆட்டம் ஒன்றுக்கொன்று பிசகி, ஒன்று மேலே போகும்போது இன்னொன்று கீழே வரும் நிலைக்கு வந்துவிடுகின்றன. ஒரு கதவை ஒருவர் இந்தப் பக்கமிருந்தும் ஒருவர் அந்தப் பக்கமிருந்தும் தள்ளினால் கதவு அசையாது அல்லவா? அப்படிக் குதிரை ஏறக்குறைய அசையாமல் நிற்க, ஆற்றல் கம்பிகளிலேயே தங்கிச் சிறுகச் சிறுகக் கசிகிறது. கம்பியின் பக்கவாட்டு ஆட்டமும் இதற்கு உதவுகிறது. பக்கவாட்டில் குதிரை எளிதில் அசைந்துகொடுக்காது.

கிராண்ட் பியானோவின் இடது பெடல் இதே விஷயத்தோடு விளையாடுகிறது. அதை மிதித்தால் சுத்தியல் வரிசை முழுவதும் சற்று நகர்ந்து, மூன்றில் இரண்டு கம்பிகளை மட்டும் அடிக்கிறது. அடிபடாத மூன்றாவது கம்பியைக் குதிரைதான் ஆட்டுகிறது. அது மற்ற இரண்டுக்கும் எதிராக ஆடத் தொடங்குவதால், நீண்டு நிற்கும் அந்த இரண்டாம் கட்டம் முன்னதாகவே தலைகாட்டுகிறது. நிமிர்ந்து நிற்கும் அப்ரைட் பியானோவில் இடது பெடல் சுத்தியல்களைக் கம்பிக்கு அருகே கொண்டுவந்து சத்தத்தைக் குறைக்கிறது, அவ்வளவுதான்.

வலது பெடல் வேறு கதை. கம்பிகளின் மேல் படிந்து அவற்றின் அதிர்வை அடக்கி வைத்திருக்கும் டேம்பர்கள் அத்தனையையும் அது தூக்கிவிடும். அடித்த சுரம் தொடர்வதோடு, அடிக்காத கம்பிகளும் அதனோடு ஒத்ததிரத் தொடங்கும். கம்பி கட்டிய நிஜப் பியானோ கிடைத்தால் சோதித்துப் பாருங்கள். விசைப்பலகையின் நடுவில் உள்ள சி (நடு சி) விசையை ஓசை வராமல் மெல்ல அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒரு ஸ்தாயி கீழே உள்ள சி-யைச் சட்டென்று தட்டி விட்டுவிடுங்கள். தட்டியது அடங்கிய பிறகும் நீங்கள் அடிக்காத நடு சி ஒலித்துக்கொண்டிருக்கும். பெடலைப் பாதி மட்டும் விட்டால் இன்னொரு வேடிக்கை: டேம்பர்கள் லேசாகப் பட்டதும் மெலிந்த மேல் கம்பிகள் அடங்கிவிடும், கனமான அடிக்கம்பிகள் அசராமல் தொடரும். மெதுவான வாசிப்பில் சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டம் (chord) கலங்காமல் மாறுவது பல நேரம் இந்தப் பாதிப் பெடலின் வேலை.

இந்த வகைப் பதிவுகள் சிலவற்றில் ஒலி போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கலாக, நெருக்கமாக இருக்கும். சுத்தியலுக்கும் கம்பிக்கும் இடையே ஒரு ஃபெல்ட் துணிப் பட்டையை இறக்கிவிடுவார்கள். பல அப்ரைட் பியானோக்களில் நடுப் பெடலே இதைச் செய்யும். மேற்சுரங்கள் போய்விடும், சத்தமும் பெரிதாகக் குறையும். அதை ஈடுகட்ட மைக்கைக் கம்பிகளுக்கு மிக அருகில் வைத்து அளவைக் கூட்டுவார்கள். அப்போது பெடலின் முனகல், விசை திரும்பும் டொக் சத்தம், வாசிப்பவரின் மூச்சு எல்லாம் கூடவே ஏறிவிடும். சிலர் இவற்றைத் துடைத்தெடுக்கிறார்கள். விட்டுவைப்பதே எனக்குப் பிடிக்கும், அளவோடு இருந்தால். வேண்டுமென்றே கூட்டிச் சேர்த்தது காதுக்குத் தெரிந்துவிடும்.

அடிச்சுரங்களில் நம் மூளையும் கூட்டாளி. ஆகக் கீழான சுரத்தின் அடிப்படை அதிர்வெண் 27.5 ஹெர்ட்ஸ். ஒலிப்பலகையே அதைச் சரியாக வெளியிடாது, சின்ன ஸ்பீக்கரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 55, 82.5, 110 என்று ஏறத்தாழ ஒரே இடைவெளியில் வரும் மேற்சுரங்களைக் கொண்டு, இல்லாத அடித்தளத்தை மூளை ஊகித்துவிடுகிறது. அதனால்தான் போனில் கேட்டாலும் சுருதி மாறுவதில்லை, கனம் மட்டும் காணாமல் போகிறது.

இப்படிப்பட்ட இசை மனதை ஆற்றுமா என்றால், சந்தைப்படுத்துகிறவர்கள் சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை. ஆனால் இரண்டு ஆய்வுகள் சுவையானவை. 2006இல் லூசியானோ பெர்னார்டியின் குழு 24 பேருக்குப் பலவகை இசைத் துண்டுகளைப் போட்டு, நடுவே இரண்டு நிமிட மௌனத்தைச் செருகியது. எதுவும் தொடங்கும் முன் இருந்ததைவிட அந்த மௌனத்தில்தான் இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் அதிகம் தணிந்தன. சிறிய ஆய்வு, பியானோவுக்கென்று செய்ததும் அல்ல. 2011இல் மொன்ட்ரியாலில் வலோரி சலிம்பூரும் சகாக்களும் செய்த ஆய்வில், விருப்பமான இசையில் மெய்சிலிர்க்கும் கணத்தில் மட்டுமல்லாமல், அதற்கு முந்தைய எதிர்பார்ப்பிலும் மூளையில் இன்ப உணர்வோடு தொடர்புடைய டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரப்பது தெரிந்தது. ஒரு சுரம் தேயத் தேய அடுத்தது எப்போது வரும் என்று காத்திருக்கும் காது சும்மா இருப்பதில்லை.

கேட்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: தேய்வின் இரண்டாம் கட்டம் தொடக்கத்தைவிட மிகவும் மெலிந்தது, ஓடும் மின்விசிறியே அதை விழுங்கிவிடும். இரைச்சலான இடத்தில் வால்யூமைக் கூட்டினாலும் அடியின் சத்தம்தான் முதலில் உறுத்தும். காதை நன்றாக மூடும் ஹெட்ஃபோன் அல்லது அமைதியான அறை, இரண்டில் ஒன்று வேண்டும். அப்புறம், பாட்டு முடியும் முன்பே அடுத்ததைக் கலந்துவிடும் கிராஸ்ஃபேட் என்ற அமைப்பு உங்கள் ஆப்பில் இருந்தால் அணைத்துவிடுங்கள். அது வெட்டி எறிவது கடைசிச் சுரத்தின் வாலைத்தான்.