எல்லோருக்கும் எட்டட்டும்: ‘அணுகுதிறன்’ ஏன் வேண்டாம்

தருமபுரியிலிருந்து பள்ளிப் பிள்ளைகளை அறிவியல் அருங்காட்சியகங்களுக்கு அழைத்துப் போகும் ஆசிரியன் நான். அப்படி ஒரு பயணத்தில் கைக்கு வந்த தமிழ்க் கையேட்டில், ‘அணுகுதிறன் குறைந்த பார்வையாளர்களுக்குச் சிறப்பு ஏற்பாடுகள் உண்டு’ என்று அச்சிட்டிருந்தார்கள். மாற்றுத்திறனாளிகள் உட்பட எல்லோரும் ஓர் இடத்துக்கு வந்து அதைப் பயன்படுத்த முடிவதை ஆங்கிலத்தில் ஆக்சசிபிலிட்டி என்பார்கள்; அதற்கு வைத்த தமிழ்ச் சொல்தான் அணுகுதிறன். பயிற்சி வகுப்புகளிலும் கூட்டங்களிலும் இந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டுப் பொறுத்துக்கொண்டேன். இந்த வரியைப் பொறுக்க முடியவில்லை.

ஆக்சசிபிலிட்டி என்ற சொல்லின் வேர் லத்தீன். ‘ஒன்றை நோக்கிப் போதல்’ என்பது அடிப்படைப் பொருள். தமிழில் அணுகு என்றாலும் கிட்டப் போவதுதான். ‘அகலாது அணுகாது தீக்காய்வார் போல்க’ என்ற குறளில் அந்தப் பொருள் தெளிவாகவே இருக்கிறது. சரி, அதுவரை பழுதில்லை.

பழுது ‘திறன்’ என்பதில் இருக்கிறது. பேச்சுத்திறன், செவித்திறன், கற்றல்திறன் என்று எதைச் சொன்னாலும் திறன் ஆளுக்கு உரியது. அணுகுதிறன் என்றதும் அது வருகிறவரின் உடம்பில் போய் ஒட்டிக்கொள்கிறது. அதனால்தான் கையேட்டை எழுதியவருக்கு ‘அணுகுதிறன் குறைந்த பார்வையாளர்’ என்று எழுதக் கை கூசவில்லை. குறை இருப்பது படிக்கட்டில். பழி விழுவது பிள்ளையின் மேல். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே, உடல், மனம், அறிவு, புலன் சார்ந்த நீண்டகாலக் குறைபாடு வெளியே உள்ள தடைகளோடு சேரும்போதுதான் ஒருவருடைய பங்கேற்பு தடைபடுகிறது என்று வரையறை சொல்கிறது. சட்டத்துக்குத் தெரிந்தது சொல்லாக்கத்தில் தொலைந்துபோனது.

‘அணுகல்தன்மை’ என்பவர்கள் இந்தத் தவறைச் செய்வதில்லை; தன்மை இடத்தின் மேல் நிற்கிறது. ஆனாலும் எனக்கு அது போதாது. எங்கள் ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கும் நடுகல்லைப் பார்க்கக் கிட்டப் போனால் பாதி வேலை முடிந்தது. அறிவியல் கூடத்தில் அப்படி இல்லை. அங்கே சக்கரத்தைச் சுற்ற வேண்டும், பொத்தானை அழுத்த வேண்டும், குழாயில் காது வைத்துக் கேட்க வேண்டும். கையால் செய்து பார்ப்பதற்காகத்தான் அந்தக் கூடமே இருக்கிறது.

அன்று எங்களோடு வந்த ஏழாம் வகுப்புப் பையன் சக்கர நாற்காலியில் சாய்தளம் ஏறி, காட்சிப்பொருளின் எதிரே போய் நின்றுவிட்டான். சாய்தளத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்கில்தான் கட்டியிருந்தார்கள். ஆனால் சுற்ற வேண்டிய கைப்பிடி அவன் தலைக்கு மேலே இருந்தது. ‘எட்டலை சார்’ என்றான். இன்னொரு பிள்ளைக்குக் காது கேட்காது. திரையில் ஓடிய விளக்கப் படத்தில் பேச்சுக்கு எழுத்து வரவில்லை. இரண்டு பேரும் அணுகிவிட்டார்கள். ஆனால் ஒன்றும் எட்டவில்லை.

சொல் அவன் வாயிலேயே இருந்தது. எட்டு என்ற வினை தமிழில் எங்கெல்லாம் போகிறது பாருங்கள். கைக்கு எட்டும் உயரம், கண்ணுக்கு எட்டிய தூரம், காதுக்கு எட்டிய செய்தி, அறிவுக்கு எட்டாத பேச்சு. கை, கண், காது, அறிவு என்று ஓர் அருங்காட்சியகம் கவனிக்க வேண்டிய அத்தனையும் இந்த ஒரு வினைக்குள் அடங்குகிறது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்ற பழமொழியும், கிட்டப் போவது வேறு, பயன் பெறுவது வேறு என்பதைத்தான் சொல்கிறது. எட்டாதபோது குறை யாருடையது? ‘கைப்பிடி எட்டவில்லை’ என்றால் எழுவாய் கைப்பிடிதான்; பையன் இல்லை.

பெயர்ச்சொல் கட்டாயம் வேண்டும் என்றால் ‘எட்டுமை’ எனலாம். பொறு, பொறுமை ஆகவில்லையா? எண்ணோடு குழம்பும் என்று நண்பர் ஒருவர் சொன்னார். எட்டாக்கனி என்றால் யாரும் எண்ணிக்கையை நினைப்பதில்லை, இதுவும் பழகிவிடும். ஆனால் பெரும்பாலான இடத்தில் பெயர்ச்சொல்லே தேவைப்படாது. ‘எல்லோருக்கும் எட்டும் கூடம்’ என்றால் யாருக்குப் புரியாது?

மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்குள்ள வருத்தமும் இங்கேதான். ஆங்கிலச் சொல்லின் வாலைப் பார்த்ததும் ‘திறன்’ அல்லது ‘தன்மை’ என்று எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். அந்தச் சொல் எதற்கு வந்தது, யார் படிப்பார்கள் என்று கேட்பதில்லை. தாழ்தளப் பேருந்து, சாய்தளம் எல்லாம் நல்ல தமிழ்தானே? பொருளைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள், நிலைத்தது. எங்கள் பக்கத்துக் கொத்தனார் தண்ணீர் ஓடும் சரிவையும் வாட்டம் என்பார், கைக்குத் தோதாக இருப்பதையும் வாட்டம் என்பார். இத்தனை வளத்தையும் விட்டுவிட்டு ஒட்டுச் சொல்லுக்கு ஏன் போக வேண்டும்?

கையேட்டின் அந்த வரியை அடித்து, ‘சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே கைக்கு எட்டும் காட்சிப்பொருள்கள் எவை என்று நுழைவாயிலில் கேளுங்கள்’ என்று மாற்றி எழுதி அனுப்பியிருக்கிறேன். கைப்பிடியை எத்தனை அங்குலம் இறக்க வேண்டும் என்பதையும் கீழே குறித்திருக்கிறேன்.