மொத்த டி-ஷர்ட் ஆர்டரா? துணி எடுப்பதற்கு முன்பே பிரிண்ட் முறையை முடிவு செய்யுங்கள்

"அண்ணா, ரெண்டாயிரம் பீஸ் இருக்கு. நெஞ்சுல லோகோ, முதுகுல பேரு. பிரிண்டிங் ரேட் மட்டும் சொல்லுங்கண்ணா."

திருப்பூரில் பிரிண்டிங் யூனிட் வைத்திருக்கும் எவருக்கும் பழகிப்போன போன் இது. ரேட் சொல்வதற்கு முன் "என்ன துணிங்க?" என்று கேட்பேன். "அதெல்லாம் எடுத்து, தைக்கவும் குடுத்தாச்சு" என்று பதில் வந்தால் எனக்குக் கவலையாகிவிடும். எந்த முறையில் பிரிண்ட் போடலாம் என்பதில் பாதியைத் துணி தீர்மானித்துவிடுகிறது. தைத்து முடித்துவிட்டால் மீதியில் பெரும்பகுதியும் போய்விடும். அதற்குப் பிறகு எங்களிடம் மிஞ்சுவது ரேட் பேச்சு மட்டும்தான்.

கல்லூரி விழா, கம்பெனி யூனிஃபார்ம், மாரத்தான், சங்க மாநாடு என்று மொத்தமாக டி-ஷர்ட் அடிப்பவர்களில் பலர் வருடத்துக்கு ஒருமுறை மட்டும் ஆர்டர் கொடுப்பவர்கள். எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் இதைப் பார்த்துக்கொள்ள மெர்ச்சண்டைசர், குவாலிட்டி ஆட்கள் என்று ஒரு அணியே இருக்கும். இவர்களுக்கு அப்படி யாரும் இல்லை. இரண்டாயிரம் பேருக்குக் கொடுத்த டி-ஷர்ட் மூன்றாவது சலவையில் உரிந்தால், பதில் சொல்ல வேண்டியவர் ஆர்டர் கொடுத்த அந்த ஒருவர்தான். அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மேட்டி என்றால் எந்த மேட்டி?

காலர் டி-ஷர்ட்டுக்கு "மேட்டி துணி" என்று சொல்லி எடுத்துவிடுகிறார்கள். காட்டன் மேட்டி, பி.சி. மேட்டி, ஸ்பன் மேட்டி என்று மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் அடுக்கியிருக்கும். முதலாவது முழுப் பருத்தி. இரண்டாவது பாலியஸ்டர் கலந்தது. மூன்றாவது பாலியஸ்டர். புதியவர்களால் தொட்டுப் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது. துணியின் ஓரத்திலிருந்து நாலைந்து நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி, காகிதம் கருகும் வாசனையோடு எரிந்து, விரலில் தேய்த்தால் மாவாக உதிரும் சாம்பலாகும். பாலியஸ்டர் சுருங்கி, உருகி, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும். இரண்டும் கலந்திருந்தால் சாம்பலுக்குள் அந்த மணி நெருடும். இந்த ஒரு நிமிடச் சோதனைக்குச் செலவே கிடையாது.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? ஒரு கம்பெனியின் விளையாட்டு தினத்துக்காக வேறோர் இடத்தில் அச்சடித்த டி-ஷர்ட்டுகளைக் காரணம் கேட்டு எங்களிடம் கொண்டுவந்தார்கள். சிவப்பு டிரை-ஃபிட் துணி, அதாவது பாலியஸ்டர்; நெஞ்சில் வெள்ளை லோகோ. மெஷினிலிருந்து வந்தபோது பளிச்சென்ற வெள்ளை. பேக் செய்யும்போதும் வெள்ளை. விழாவன்று அட்டைப்பெட்டியைப் பிரித்தால் லோகோ முழுக்க ரோஸ் நிறம். அச்சடித்தவர் மட்டமான இங்க் போட்டுவிட்டார் என்பது அவர்கள் சந்தேகம். இங்க் நல்ல இங்க்தான். பாலியஸ்டரை டிஸ்பர்ஸ் சாயத்தில்தான் நிறமேற்றுகிறார்கள். அந்தச் சாயத்துக்குச் சூடு பட்டால் ஆவியாகிக் கிளம்பும் குணம் உண்டு. ஸ்கிரீன் பிரிண்டில் போடும் சாதாரண பிளாஸ்டிசால் இங்க் (பிளாஸ்டிக் பிசின் இங்க்) முழுதாக வேக 160 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும். அந்தச் சூட்டில் துணியின் சிவப்பு கிளம்பி மேலே இருக்கும் வெள்ளைக்குள் ஏறிக்கொள்கிறது. உடனே கண்ணுக்குத் தெரியாது. சில நாள் கழித்துத்தான் வெளியே காட்டும். அதனால்தான் இது இவ்வளவு பேரை ஏமாற்றுகிறது.

இதற்கு வழி இருக்கிறது. சாயம் ஏறாமல் தடுக்கும் சாம்பல் அல்லது கறுப்பு நிற பிளாக்கர் பேஸை முதலில் அடித்து, அதன்மேல் குறைந்த சூட்டில் வேகும் பாலியஸ்டர் வெள்ளையை அடிக்க வேண்டும். ஒரு ஸ்கிரீன் (ஒவ்வொரு கலருக்கும் தனியாகப் போடும், இங்க் இறங்கும் வலைச்சட்டம்) கூடும், இங்க் விலையும் கூடும். பீஸுக்குச் சில ரூபாய் குறைக்கச் சொல்லி நெருக்கினால் முதலில் காணாமல் போவது இந்த பேஸ்தான். கொட்டேஷன் வாங்கும்போதே "பாலியஸ்டருக்கு பிளாக்கர் பேஸ் சேர்த்தா, சேர்க்காமலா?" என்று கேளுங்கள்.

பாலியஸ்டர்தான் வேண்டும், துணி வெள்ளை அல்லது வெளிர் நிறம், டிசைனில் கலர் கலராக நிறைய இருக்கிறது என்றால் ஸ்கிரீன் பிரிண்டை மறந்துவிட்டு சப்ளிமேஷன் போங்கள். மேலே சொன்ன அதே டிஸ்பர்ஸ் சாயத்தை இங்கே வேண்டுமென்றே பேப்பரிலிருந்து கிளப்பி, 190 முதல் 200 டிகிரி சூட்டில் நூலுக்குள் ஏற்றுகிறார்கள். தடவினால் பிரிண்ட் இருப்பதே தெரியாது, உரியாது, வெடிக்காது. ஓடுகிறவருக்கு வியர்வை போகவும் தடையில்லை. மாரத்தான் டி-ஷர்ட்டில் நெஞ்சை மறைக்கிற அளவுக்கு ரப்பர் மாதிரி ஒரு பிரிண்டைப் போட்டு, சென்னை வெயிலில் ஓடச் சொல்வது கொடுமை. ஆனால் பருத்தியில் சப்ளிமேஷன் நிற்காது; கலப்புத் துணியில் வெளிறிப்போகும்; அடர் நிறத்தில் தெரியவே தெரியாது, ஏனென்றால் சப்ளிமேஷனில் வெள்ளை இங்க் கிடையாது. தைத்த டி-ஷர்ட்டை அப்படியே பிரஸ்ஸில் வைத்தால் அக்குள் மடிப்பில் வெள்ளைக் கோடு விழும். டி-ஷர்ட் முழுக்க டிசைன் என்றால், கட் பீஸில் (வெட்டிய, இன்னும் தைக்காத துண்டில்) ஏற்றிய பிறகுதான் தைக்க வேண்டும்.

பருத்தியில் ஸ்கிரீன் பிரிண்ட்

பருத்தி, பெரிய எண்ணிக்கை, குறைந்த கலர். இந்த மூன்றும் சேர்ந்தால் ஸ்கிரீன் பிரிண்டை மிஞ்ச இன்னொரு முறை வரவில்லை. அதற்குள்ளேயே தேர்வுகள் இருக்கின்றன. பிளாஸ்டிசால் பளிச்சென்று இருக்கும், அடர் நிறத்தில் நன்றாக மூடும். துணிமேல் ஒரு படலமாக உட்காரும். வாட்டர்பேஸ் பிக்மென்ட் துணியோடு இறங்கிவிடும், காற்று போகும். வெளிர் நிறத் துணிக்கு என் முதல் தேர்வு அதுதான். அடர் நிறப் பருத்தியிலும் அதே மென்மை வேண்டுமென்றால் டிஸ்சார்ஜ் இருக்கிறது. துணியின் சாயத்தை அந்த இடத்தில் மட்டும் எடுத்துவிட்டு நம் கலரை வைப்பது. கேட்க நன்றாக இருக்கிறதென்று எல்லாத் துணியிலும் போட முடியாது. டர்காய்ஸ் போன்ற சில நிறங்கள் டிஸ்சார்ஜ் ஆவதில்லை. கலப்புத் துணியில் பாலியஸ்டர் இழையின் சாயம் அசையாது. சாயப்பட்டறைக்குத் துணி போகும்போதே டிஸ்சார்ஜ் ஆகும் சாயம் வேண்டும் என்று சொல்லியிருக்க வேண்டும். அச்சடித்தபின் ஒருமுறை அலசாமல் உடுத்தவும் கூடாது, ஃபார்மால்டிஹைடு என்ற ரசாயனம் மிச்சம் இருக்கலாம்.

குழந்தைகள் உடுப்புக்கும் வெளிநாட்டுக்குப் போகும் சரக்குக்கும் இன்னொன்று. பிளாஸ்டிசால் என்பது பி.வி.சி. பிசின். அதை இளக்கப் பயன்படும் தாலேட்டுகளில் 4 வகைகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஜூலை முதல் 0.1 சதவீத வரம்பு வைத்திருக்கிறது. காட்ஸ் (GOTS, ஆர்கானிக் துணிக்கான உலகத் தரச் சான்று) பெற்ற துணியில் பி.வி.சி. பிரிண்டுக்கே இடமில்லை. நம் ஊரில் விற்கும் குழந்தை டி-ஷர்ட்டுக்கு யாரும் சான்று கேட்பதில்லை. அதற்காக அந்தப் பிள்ளையின் தோல் வேறாகிவிடாது. தாலேட் இல்லாத இங்க் தாராளமாகக் கிடைக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

டி.டி.எஃப். எப்போது சரி?

இப்போது எல்லோரும் கேட்பது டி.டி.எஃப். படத்தை ஃபிலிமில் அச்சடித்து, பின்னால் பசைப் பொடி தூவி, துணிமேல் சூட்டில் ஒட்டுவது. பருத்தி, பாலியஸ்டர் இரண்டிலும் ஒட்டும், எத்தனை கலர் இருந்தாலும் செலவு ஒன்றுதான், பத்து பீஸுக்கும் செய்யலாம். ஆனால் அந்தச் செலவு பத்தாயிரம் பீஸானாலும் பெரிதாக இறங்காது.

ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஒரு கலருக்கு ஸ்கிரீன் செலவு 600 ரூபாய், நாலு கலர், மொத்தம் 2,400 ரூபாய். 40 பீஸ் என்றால் பீஸுக்கு 60 ரூபாய் ஸ்கிரீனுக்கே போய்விடும், டி.டி.எஃப். தான் புத்திசாலித்தனம். 2,000 பீஸ் என்றால் அதே ஸ்கிரீன் செலவு பீஸுக்கு 1 ரூபாய் 20 காசு. உங்கள் ஊர் ரேட்டைப் போட்டு இதே கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். பெரிய ஆர்டரில் டி.டி.எஃப்.க்கு ஓரிடம் உண்டு: ஆளுக்கு ஆள் மாறும் பெயரும் எண்ணும். லோகோவை ஸ்கிரீனில் அடித்துவிட்டு, பெயரை மட்டும் டி.டி.எஃப்.பில் ஒட்டினால் இரண்டிலும் லாபம். இடைவெளியில்லாமல் நிரம்பிய பெரிய டிசைனை மட்டும் அதில் போடாதீர்கள். பிளாஸ்டிக் ஷீட்டை நெஞ்சில் ஒட்டிக்கொண்ட மாதிரி இருக்கும்.

எம்பிராய்டரிக்கு நாள் வேண்டும்

யூனிஃபார்முக்கு எம்பிராய்டரிதான் மதிப்பு, அதில் எனக்கு மறுப்பில்லை. லாண்டரியில் வெந்நீரில் அடித்துத் துவைக்கும் ஹோட்டல், ஆஸ்பத்திரி உடுப்புகளுக்கு பிரிண்டைவிட அதையே சொல்வேன். நூல் பாலியஸ்டராக இருக்கட்டும். ரேயான் நூல் மினுமினுக்கும், பிளீச் பட்டால் வெளுத்துவிடும். 220 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 220 கிராம் எடை) மேட்டி எம்பிராய்டரியைத் தாங்கும். 160 ஜி.எஸ்.எம். சிங்கிள் ஜெர்சியில் (சாதாரண ரவுண்ட் நெக் டி-ஷர்ட் துணி) அடைத்துத் தைத்தால் லோகோவைச் சுற்றிச் சுருக்கம் விழும், ஊசித் துளை பெரிதாகும். 5 மில்லிமீட்டருக்குக் கீழே உள்ள எழுத்து படிக்கும்படி வராது. லோகோவுக்குக் கீழே ஓடும் பொடி எழுத்தை எடுத்துவிடுங்கள்.

பலர் கணக்கில் வைக்காதது நேரம். ஒரு லோகோ 8,000 தையல் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெஷின் நிமிடத்துக்கு 700, 800 தையல் ஓடும். நூல் மாற்றுவது, அறுவது, பீஸை ஃபிரேமில் மாட்டுவது எல்லாம் சேர்த்து ஒரு சுற்றுக்குக் கால் மணி நேரம். ஒரே நேரத்தில் 20 பீஸ் போடும் 20 தலை மெஷினில் 2,000 பீஸுக்கு 100 சுற்று, அதாவது மெஷின் நிற்காமல் ஓடினால் 25 மணி நேரம். ஆட்டோமேட்டிக் பிரிண்டிங் மெஷினில் அதே எண்ணிக்கை ஒரு ஷிஃப்டில் முடிந்துவிடும். விழாவுக்கு நாலு நாள் இருக்கும்போது எம்பிராய்டரி கேட்டால், ஒப்புக்கொள்கிறவர் எங்கேயோ அவசரப்படப் போகிறார் என்று அர்த்தம்.

ஆர்டரை உறுதி செய்வதற்கு முன்

பிரிண்ட் முடிந்தபின் தைப்பதா, தைத்தபின் பிரிண்டா என்று தொடக்கத்திலேயே பேசுங்கள். கட் பீஸில் அடிக்கும்போது ஒன்று கெட்டால் ஒரு துண்டு துணி போகும். தைத்த டி-ஷர்ட்டில் கெட்டால் துணி, தையல், செக்கிங், அயர்ன் எல்லாம் சேர்ந்து போகும். தையல்மேல் ஓடும் டிசைன், பாக்கெட்டுக்கு ஒட்டிய டிசைன் எல்லாம் கட் பீஸில்தான் சுத்தமாக வரும். சைஸையும் சொல்லுங்கள். எஸ் முதல் டபுள் எக்ஸ்.எல். வரை ஒரே ஸ்கிரீன் என்றால், 11 அங்குல டிசைன் சின்ன சைஸில் அக்குள் வரை போய் முட்டும். குழந்தைகள் சைஸுக்குத் தனி ஸ்கிரீனே போட வேண்டும்.

ஸ்டிரைக் ஆஃப் (முன்கூட்டி அடித்துக் காட்டும் மாதிரி பிரிண்ட்) இல்லாமல் ஆர்டரை ஓட விடாதீர்கள். கிடைத்த துணியில் அடித்துக் காட்டுவது ஸ்டிரைக் ஆஃப் ஆகாது. உங்கள் ஆர்டருக்குப் போகிற அதே லாட் துணியில், அதே இங்கில், இங்கை வேக வைக்கும் அதே கியூரிங் மெஷின் வழியாக வந்ததாக இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் திரையில் பார்த்த கலரை நம்பாமல் பான்டோன் எண் (கலரைக் குறிக்கும் பொது எண்) கொடுங்கள். கைக்கு வந்ததும், பிரிண்டை இரு கைகளாலும் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். சரியாக வெந்த பிளாஸ்டிசால் துணியோடு நீண்டு திரும்பும். வேகாதது குறுக்கே வெடித்து நிற்கும். வெள்ளைத் துணியால் பத்துப் பதினைந்து முறை அழுத்தித் தேய்த்து, கலர் ஏறுகிறதா பாருங்கள். பிறகு உங்கள் வீட்டு வாஷிங் மெஷினில், மற்றத் துணிகளோடு சேர்த்தே, ஐந்து முறை துவையுங்கள். உடுத்தப் போகிறவர்கள் அப்படித்தான் துவைப்பார்கள். பாலியஸ்டரில் அடர் நிறம் என்றால் ஒரு வாரம் வைத்திருந்து வெள்ளை நிறம் மாறுகிறதா என்றும் பார்க்க வேண்டும். லேப் ரிப்போர்ட் தேவைப்படும் பெரிய கம்பெனி ஆர்டராக இருந்தால், சலவைக்கு ஐ.எஸ்.ஓ. 105 சி06, தேய்ப்புக்கு ஐ.எஸ்.ஓ. 105 எக்ஸ்12 என்று எழுதிக் கேளுங்கள். திருப்பூரிலேயே செய்து தருவார்கள்.

துணியின் கலப்பு, ஜி.எஸ்.எம்., இங்க் வகை, பேஸ் உண்டா இல்லையா, டிசைனின் அளவு, கழுத்துப்பட்டியிலிருந்து எத்தனை அங்குலம் கீழே வர வேண்டும் என்பதெல்லாம் ஆர்டர் பேப்பரில் எழுத்தாக இருக்கட்டும். எங்கள் தொழிலில் எல்லோரும் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் போனில் பேசியது கியூரிங் மெஷினில் நிற்கும் பையன்வரை போய்ச் சேராது. நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பீஸ் கூடுதலாக வெட்டச் சொல்லுங்கள். சரி என்று சொன்ன ஸ்டிரைக் ஆஃபில் இரண்டு எடுத்து இருவரும் கையெழுத்திட்டு, ஒன்றை யூனிட்டில் கொடுத்து, இன்னொன்றை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் மெஷின் ஓடத் தொடங்கும் நேரத்தில் நேரில் வாருங்கள். முதல் இருபது பீஸை அந்தக் கையெழுத்திட்ட துண்டோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க அரை மணி நேரம் போதும். நல்ல யூனிட் எதுவும் அதற்கு வேண்டாம் என்று சொல்லாது.