சத்தம் போடாத கடன்

போன வியாழக்கிழமை சாயங்காலம் பெங்களூர் அல்சூரில் இருக்கும் என் வக்கீல் ஆபீசுக்கு ஒரு தம்பதி வந்தார்கள். (ஆள் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) அவர் கே.ஆர். மார்க்கெட்டில் டெம்போ ஓட்டுகிறார், அந்தம்மா வீட்டிலேயே தையல். கையில் ஜவுளிக்கடை கட்டைப்பை. அதை என் மேஜைமேல் கவிழ்த்தார்கள். 23 கவர். 14 பிரிக்கவே இல்லை.

"ஏம்மா பிரிக்கல?"

"பயமா இருக்கு மேடம். இங்கிலீஷ்ல வேற இருக்கு."

பிரிக்காததில் ஒன்று வீட்டுக் கடன் கொடுத்த வங்கி ரெஜிஸ்டர் தபாலில் அனுப்பியது. அடமானச் சொத்தை வங்கியே எடுத்து விற்க வழிசெய்யும் சர்ஃபேசி சட்டம், பிரிவு 13(2). பாக்கியைக் கட்ட 60 நாள் கெடு. அது எப்போதோ முடிந்துவிட்டது. அடுத்து வந்தது பிரிவு 13(4), வீட்டைச் சுவாதீனம் எடுப்பதாகக் கதவில் ஒட்டிவிட்டுப் போன நோட்டீஸ். அக்கம்பக்கம் பார்க்குமே என்று உரித்தெடுத்து சமையல் கேஸ் புக்குக்குள் மடித்து வைத்திருந்தார்கள். தேதியைப் பார்த்து, காலண்டரில் விரல் வைத்து எண்ணினேன். 38ஆம் நாள். இதை எதிர்த்துக் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் மனு போட 45 நாள்தான் உண்டு.

நான் எண்ணி முடிப்பதற்குள் அந்தம்மாவின் போன் அடித்தது. கவிழ்த்து வைத்தார். மறுபடி அடித்தது. முக்கால் மணி நேரத்தில் ஒன்பது தடவை. எல்லாம் லோன் ஆப்.

"இவனுங்களுக்குத்தான் மேடம் மொதல்ல கட்டிட்டு வர்றோம். அசிங்கமாப் பேசுறானுங்க. என் நாத்தனாருக்கே போன் போட்டுட்டான்."

எட்டு மாதத்தில் ஆப்புகளுக்குப் போனது 1,18,000 ரூபாய். வீட்டுத் தவணை மாதம் 14,200. எட்டு மாதத்துக்கு 1,13,600. கணக்குப் போட்டுக் காட்டியதும் அவர் மனைவியைப் பார்த்தார், அந்தம்மா கவர்களைப் பார்த்தார். "பேங்க்குல ஒண்ணும் பெருசா கேக்கலியே மேடம்" என்றார் அவர்.

இந்த ஒரு வரியைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. அன்றைக்குக் கோபத்தை அவர்களிடம் காட்டவில்லை. இங்கே காட்டிக்கொள்கிறேன்.

கத்துகிறவன் ஏன் கத்துகிறான்? அவன் கையில் வேறு ஒன்றும் இல்லை. ஆப் கடனுக்கு அடமானம் கிடையாது. உங்கள் பத்திரம் அவனிடம் இல்லை, நகை இல்லை, ஆர்.சி. புக் இல்லை. இருப்பது உங்கள் போன் நம்பரும் உங்கள் வெட்கமும். வங்கிக்குக் கத்த வேண்டிய அவசியமே இல்லை. பத்திரம் அதன் லாக்கரில் இருக்கிறது. 90 நாள் தவணை நின்றால் கணக்கு வாராக்கடன். பிறகு ஒரு தபால், கதவில் ஒரு காகிதம், இரண்டு பேப்பரில் விளம்பரம், ஏலம். சிவில் கோர்ட் வாசலை மிதிக்காமலே இவ்வளவும் செய்ய 2002ஆம் வருஷத்து அந்த சர்ஃபேசி சட்டம் இடம் கொடுக்கிறது. அந்த இரண்டு பேப்பரில் ஒன்று வட்டார மொழியில் வரவேண்டும் என்பது விதி. பெங்களூரில் வட்டார மொழி கன்னடம். இங்கிலீஷ் பேப்பரும் கன்னடப் பேப்பரும் வாங்காத தமிழ் வீட்டுக்கு ஏலச் செய்தியை யார் வந்து சொல்வது? பெரும்பாலும் புரோக்கர்தான் சொல்கிறான், வீட்டைப் பார்க்க ஆள் கூட்டிக்கொண்டு வரும்போது.

ஆகவே, சத்தத்தை வைத்துக் கடனை வரிசைப்படுத்தாதீர்கள். கட்டாவிட்டால் எது கைவிட்டுப் போகும் என்று பாருங்கள். முதலில் அரிசி, வாடகை, கரண்ட். அடுத்து வீட்டுக் கடன், பிழைப்புக்கு ஓட்டும் வண்டியின் கடன், அடகில் இருக்கும் நகை. கிரெடிட் கார்டும் ஆப்பும் கடைசி. கடைசி என்றால் கட்டவே வேண்டாம் என்று அர்த்தமில்லை. சிபில் (கடனைக் கட்டிய வரலாற்றுக்குப் போடும் மார்க்) கெடும், வழக்கும் வரலாம். செக் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டம் பிரிவு 138-இல் கிரிமினல் வழக்கு. வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்க நீங்கள் கொடுத்த அனுமதி பவுன்ஸ் ஆனாலும், 2007ஆம் வருஷத்துப் பணப்பட்டுவாடா சட்டத்தின்கீழ் கிட்டத்தட்ட அதே வழக்குதான். ஆனால் அதற்கெல்லாம் நோட்டீஸ், வாய்தா, சமரசம் என்று பேச நேரம் இருக்கும். சம்மன் வந்தால் மட்டும் போய் நில்லுங்கள். செக் கேசில் வாரண்ட் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கோர்ட்டுக்கு வராமல் இருந்தவர்கள்.

"போலீஸ் புடிச்சிட்டுப் போயிடுமா மேடம்?" வராத ஆள் இல்லை இந்தக் கேள்வியோடு. கடனைக் கட்ட முடியாமல் போனது குற்றம் அல்ல. கையில் இருந்தும் வேண்டுமென்றே கொடுக்காதவனைத்தான் சிவில் சிறைக்கு அனுப்பலாம், ஏழ்மைக்காக ஒருவரைச் சிறையில் தள்ள முடியாது என்று 1980லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வாட்ஸ்அப்பில் 'அரெஸ்ட் வாரண்ட்' அனுப்புகிறவனின் வேலைக்குப் பெயர் மோசடி. படத்தை ஆபாசமாக மாற்றி அனுப்புவேன் என்று மிரட்டினால் உடனே சைபர் குற்றப் புகாருக்கான 1930-ஐ அழையுங்கள்.

அந்தம்மா தயங்கித் தயங்கிக் கேட்டது வேறு: "என் தையல் மிஷினைத் தூக்கிட்டுப் போயிடுவாங்களா?" கோர்ட் ஜப்திக்கே எல்லை உண்டு. சிவில் நடைமுறைச் சட்டம் பிரிவு 60-ஐ எங்கள் ஜூனியர்களே சரியாகப் படிப்பதில்லை. உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, தொழிலாளியின் கருவி, தாலி மாதிரி ஒரு பெண் மத வழக்கப்படி கழற்றக்கூடாத நகை, இவற்றைத் தொட முடியாது. மிஷின்மேலேயே கடன் வாங்கியிருந்தால் அது வேறு கதை.

வெளி வட்டிக்காரர்கள் விஷயம். 'அஞ்சு ரூபா வட்டி' என்றால் வருஷத்துக்கு 60 சதவீதம். தண்டலில் 10,000 என்று எழுதி 8,500-ஐக் கையில் கொடுத்து, நாளுக்கு 100 வீதம் 100 நாள் வாங்குவது அதற்கும் மேலே. வெற்றுச் செக், வெற்றுப் பத்திரம் கொடுக்காதீர்கள். கொடுத்தாயிற்றா? யாரிடம், என்றைக்கு, எந்த நம்பர் செக் என்று இன்றைக்கே எழுதி வையுங்கள். சிறுகடன், மைக்ரோ ஃபைனான்ஸ் வசூலில் மிரட்டுவதற்கு எதிராகக் கர்நாடகத்தில் 2025இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. பத்து வருஷம் வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம்.

'தவணையை நிறுத்துங்கள், பாதிக்கு செட்டில் பண்ணித் தருகிறோம்' என்று ஃபீஸ் வாங்கும் கம்பெனிகளிடம் போகாதீர்கள். செட்டில்மென்ட் என்றால் நேராக வங்கியிடம், கடிதம் கையில் வந்த பிறகு பணம். வாய்வார்த்தைக்குக் கட்டாதீர்கள். சிபிலில் 'செட்டில்டு' (குறைத்துக் கட்டி முடித்தது) வேறு, 'க்ளோஸ்டு' (முழுசாகக் கட்டி முடித்தது) வேறு என்பதையும் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள். மச்சானுக்கு ஜாமீன் போடுவது 'சும்மா ஒரு கையெழுத்து' இல்லை. கடனாளிக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கு உண்டு.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்பவர்களுக்கு: சட்டப்பணிகள் ஆணையத்தின் நம்பர் 15100. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. சித்தய்யா ரோட்டில் நியாய தேகுல கட்டிடத்தில் மாநில ஆணையம் இருக்கிறது, நேரிலேயே போகலாம். வங்கியோ ஃபைனான்ஸோ அத்துமீறினால் முதலில் அவர்களுக்கே எழுத்தில் புகார். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளர், 14448.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். அந்தம்மா தண்ணீர் குடிக்க எழுந்து போனபோது கணவர் மெதுவாகக் கேட்டார்: "நான் இல்லேன்னா இந்தக் கடன் என்ன மேடம் ஆகும்? இன்ஷூரன்ஸ் இருக்கு." பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். வீட்டின்மேல் இருக்கும் கடன் ஆள் போனாலும் வீட்டின்மேல்தான் இருக்கும் என்று சட்டத்தைச் சொன்னேன். அப்புறம் அவர் போனிலிருந்தே 14416-ஐ அழைக்க வைத்தேன். டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் உண்டு, காசு கிடையாது, தமிழில் பேசலாம். மனநல ஆஸ்பத்திரியான நிம்ஹான்ஸ் நம் ஊரிலேயே இருக்கிறது. இப்படி ஒரு கேள்வி உங்கள் மனசில் ஓடினால் வக்கீலிடம் வருவதற்கு முன்னால் அங்கே பேசுங்கள். வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள்.

43ஆம் நாள் மனு போட்டோம். இன்னும் தடை உத்தரவு வரவில்லை. இந்த மாதத் தவணையை வங்கியில் கட்டி ரசீது கொண்டுவந்தார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. மணி 7.20. வசூல் ஏஜென்ட் காலை 8க்கு முன்னும் மாலை 7க்குப் பின்னும் அழைக்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. அந்தம்மா இந்தத் தடவை போனைக் கவிழ்க்கவில்லை. அளவு எழுதும் தையல் நோட்டை எடுத்து, ஒரு ஜாக்கெட் அளவுக்குக் கீழே நம்பரையும் நேரத்தையும் குறித்துக்கொண்டார்.